காவல், தீயணைப்பு இரண்டுக்கும் சேர்த்து வாங்கும்போது எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி இதுதான்: தமிழ்நாட்டின் ஒரு மாநகரக் காவல் ஆணையரகத்துக்கும் அதே ஊரின் தீயணைப்பு நிலையங்களுக்கும் சேர்த்துக் கட்டுப்பாட்டு அறை மென்பொருள், வண்டிகளுக்கு ஜிபிஎஸ், வயர்லெஸ் கருவிகள், காவல் நிலையக் கேமராக்கள் வாங்க வேண்டும். ஐந்து நிறுவனங்கள் வந்து செய்து காட்டிவிட்டன. ஐந்துமே நன்றாகத்தான் தெரிகின்றன. எதை எடுப்பது?

செய்து காட்டியதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் பார்த்தது அவர்களுடைய வரைபடம், அவர்கள் எடுத்துவந்த முகவரிகள், அவர்கள் ஆளின் விரல் பழகிய திரை. தேர்வு உண்மையில் நடப்பது டெண்டர் ஆவணத்தில்தான். தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, ஆவணத்தில் முன்கூட்டியே எழுதிவைத்த, அளந்து பார்க்கக்கூடிய காரணிகளை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அப்படிப் பார்த்துக் குறைந்த விலை யாருடையதோ அவருக்குத்தான் தர வேண்டும். விலை உறையைப் பிரித்த பிறகு 'இவர்கள் மென்பொருள் கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே' என்று யோசித்தால், அந்தக் காரணத்துக்காக அவர்களைச் சட்டப்படி தள்ள முடியாது. வேகம் முக்கியமென்றால் எத்தனை விநாடி, எந்தச் சோதனையில் என்று ஆவணத்திலேயே இருக்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறாதவரின் விலை உறை பிரிக்கப்படாது என்றும் இருக்க வேண்டும்.

முதலில், வாங்கத் தேவையில்லாததைத் தள்ளுங்கள். 112 அவசர அழைப்புக்கான மென்பொருளை மத்திய உள்துறைத் திட்டத்தில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் தந்திருக்கிறது. மாநகரம் தனியாக இன்னொரு அழைப்பு மென்பொருள் வாங்கினால், ஒரே தீ விபத்துக்கு 112இல் ஓர் எண், மாநகரத் திரையில் வேறொரு எண், தீயணைப்பு நிலையப் பதிவேட்டில் மூன்றாவது எண் என்று ஆகிவிடும். பிறகு வண்டி எத்தனை நிமிடத்தில் போனது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே 112இல் பிறந்த நிகழ்வு எண்ணே கடைசிவரை ஓட வேண்டும், புதிய மென்பொருள் அதோடு இருவழியிலும் பேச வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள். இணைப்பு வேலைக்கு யார் பொறுப்பு, அந்தப் பக்கத்து அனுமதியை யார் வாங்குவது என்பதும் எழுத்தில் வேண்டும். 'ஏபிஐ (வேறு மென்பொருளோடு இணைக்கும் வழி) உண்டு' என்ற ஒற்றை வரியை நம்பிக் கையெழுத்துப் போட்டால், அந்த இணைப்பு பின்னால் 'கூடுதல் வேலை' என்ற பெயரில் தனி பில்லாக வந்து நிற்கும்.

அடுத்தது, இதில் அதிகம் கெட்டுப்போகிற இடம்: காவல்துறைக்காகச் செய்த மென்பொருளில் தீயணைப்பை ஒரு மூலையில் ஒட்டுவது. இரண்டின் வேலையும் ஒன்றல்ல. காவல்துறைக்கு அழைப்புகள் நிறைய வரும். பெரும்பாலானவற்றுக்கு ஒரு ரோந்து வாகனம் போதும். யார் அருகில், யார் ஓய்வாக இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வண்டி தெருவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தீயணைப்பில் அழைப்பு குறைவு. ஆனால் ஒரே அழைப்புக்கு இரண்டு நிலையங்களிலிருந்து வண்டிகள், ஏணி வண்டி, கூடுதல் தண்ணீர் லாரி என்று தொகுப்பாகப் போக வேண்டும். குடிசைப் பகுதித் தீக்கு ஒரு தொகுப்பு, ரசாயனக் கிடங்குக்கு வேறொன்று. எல்லா வண்டிகளும் ஒரு பக்கம் போய்விட்டால் காலியான நிலையத்துக்கு எந்த வண்டியை நகர்த்துவது என்று மென்பொருள் கேட்க வேண்டும். தண்ணீர் எங்கே நிரப்பலாம், எந்தத் தெருவில் பெரிய வண்டி நுழையாது, எந்த ஆலையில் அம்மோனியா இருக்கிறது என்ற தகவல் வண்டி கிளம்புமுன் நிலைய அலுவலர் கையில் இருக்க வேண்டும். தேர்வுக் குழுவில் குறைந்தது ஒரு நிலைய அலுவலரும், இரவுப் பணி பார்க்கிற ஒரு கட்டுப்பாட்டு அறைக் காவலரும் கையெழுத்து அதிகாரத்தோடு இருக்கட்டும். கருத்து கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிற விருந்தாளியாக அவர்களை வைக்காதீர்கள்.

கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்க எத்தனை இருக்கை வேண்டும் என்பதை நிறுவனத்திடம் கேட்கக் கூடாது. லைசென்ஸ் இருக்கைக் கணக்கில்தான் விற்கப்படுகிறது. உங்கள் பதிவேட்டிலிருந்து உச்ச நேர அழைப்பு எண்ணிக்கையை எடுங்கள். ஒரு மணி நேரத்தில் 120 அழைப்பு, ஒன்றுக்குச் சராசரி 150 விநாடி என்று வைத்துக்கொள்வோம். அது 5 பேர் மூச்சுவிடாமல் பேச வேண்டிய வேலை. அழைப்புகள் சீராக வருவதில்லை என்பதால் 5 இருக்கை போட்டால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். எர்லாங் சி என்ற வரிசைக் கணக்கில் போட்டால், 8 இருக்கையில் 10 விநாடிக்குள் எடுக்கப்படும் அழைப்பு சுமார் 86 சதவீதம், 9இல் 94, 10இல் 97. இதோடு மேற்பார்வை இருக்கை, தீயணைப்பு அனுப்புதல் இருக்கை, பயிற்சி இருக்கை தனி. ஓர் இருக்கையை 24 மணி நேரமும் நிரப்ப வார ஓய்வு, விடுப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 5 ஆட்கள் வேண்டும். ஆள் இல்லாத இருக்கைக்கு லைசென்ஸ் வாங்கிப் பயனில்லை.

இனி சோதனை. தகுதி பெற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரே இடம், ஒரே தரவு, இரண்டு நாள் கொடுங்கள். கணினியில் உட்காருவது உங்கள் ஆட்கள்; நிறுவனத்தார் ஒரு நாள் பயிற்சி தந்துவிட்டு எழுந்துவிட வேண்டும்.

முதல் சோதனை முகவரி. பழைய அழைப்புப் பதிவுகளிலிருந்து பெயர், எண் எல்லாம் நீக்கி, 100 இடங்களை மக்கள் சொன்னபடியே எடுத்து வையுங்கள். சென்னை போன்ற ஊரில் கதவு எண்ணே பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். பல தெருக்களில் பலகையில் ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று. பிள்ளையார் கோவில் தெரு ஊருக்குள் எத்தனையோ இடத்தில் உண்டு. முதல் குறுக்குத் தெரு எந்த நகருக்குரியது என்று கேட்காத மென்பொருள் வண்டியைத் தவறான பேட்டைக்கு அனுப்பிவிடும். ஒருவர் திருவல்லிக்கேணி என்பார், இன்னொருவர் டிரிப்ளிகேன் என்பார். இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். தமிழில் தட்டச்சு செய்தாலும் ஆங்கில எழுத்தில் மனம்போல எழுத்துக்கூட்டினாலும் கிடைக்க வேண்டும். 'மேம்பாலம் இறங்கினதும் பெட்ரோல் பங்க் பக்கம்' என்று மட்டும் சொல்லும் அழைப்புகளும் நூறில் கணிசமாக இருக்கட்டும். எத்தனை சரியாக விழுந்தன, ஒன்றுக்கு எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்சோடு குறியுங்கள். 100இல் 90 சரி, நடு மதிப்பு 20 விநாடிக்குள் என்பது நியாயமான தேர்ச்சிக் கோடு. ஆனால் கோட்டை முன்பே அச்சிட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, அழைப்பு வெள்ளம். ஒரே தீயைப் பற்றிப் பத்து நிமிடத்தில் 200 பேர் அழைத்தால் அது ஒரே நிகழ்வாகச் சேர வேண்டும். ஆனால் நடுவே வேறு தெருவிலிருந்து வந்த மாரடைப்பு அழைப்பு அதற்குள் புதைந்துவிடக் கூடாது. மூன்றாவது, கூட்டு நிகழ்வு: நாற்சந்தியில் சமையல் எரிவாயு டேங்கர் கவிழ்ந்ததாக வைத்துக்கொண்டு காவல், தீயணைப்பு இரு பக்கமும் ஒரே நிகழ்வில் எழுதட்டும். காவலர் பதிந்த 'காற்று வடக்கே அடிக்கிறது' என்ற குறிப்பு தீயணைப்புத் திரையில் எத்தனை விநாடியில் தெரிகிறது, ஒரு துறையின் ரகசியக் குறிப்பு மறு துறைக்குத் தெரியாமல் இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். நான்காவது, வயரைப் பிடுங்குவது. வேலை ஓடும்போதே இணைய இணைப்பை அறுங்கள், பிரதான சர்வரை அணையுங்கள். மாற்று சர்வருக்குத் தாவியதா, பாதி எழுதிய நிகழ்வு தப்பியதா? இதைச் செய்ய விடமாட்டோம் என்கிற நிறுவனம் அந்த ஒரு மறுப்பிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறது.

இந்த நான்காவது சோதனை ஏன் உயிர்நாடி என்பதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சேவையைப் பாருங்கள். 1992 அக்டோபர் 26 அன்று கணினி வழி அனுப்புதலுக்கு ஒரே நாளில் மாறினார்கள். வண்டிகள் எங்கே இருக்கின்றன என்ற தகவல் தவறத் தவற, கணினி தவறான வண்டியை அனுப்பியது. பதில் வராத அழைப்புகள் எச்சரிக்கைச் செய்திகளாகக் குவிந்தன. உதவி வராததால் மக்கள் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். மறுநாளே பாதி கைமுறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நவம்பர் 4 அதிகாலை மொத்தமும் நின்றது. மூன்று வாரம் முன்பு ஒரு திருத்தத்தில் விட்டுப்போன சிறு நிரல்துண்டு, ஒவ்வொரு வண்டி அனுப்பும்போதும் சர்வர் நினைவகத்தில் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொண்டு விடவே இல்லை. மாற்று சர்வர் இருந்தது; ஆனால் அப்போதைய அமைப்பில் அதற்குத் தாவுவதை யாரும் சோதித்திருக்கவில்லை. விசாரணை அறிக்கை கொள்முதலையே கை காட்டியது: குறுகிய கெடு, குறைந்த விலை, இப்படி ஒன்றைச் செய்து பழக்கமில்லாத சிறிய மென்பொருள் நிறுவனம்.

இங்கிலாந்துத் தீயணைப்புத் துறையின் ஃபயர் கன்ட்ரோல் திட்டம் வேறு வகையில் கெட்டது. 46 உள்ளூர்க் கட்டுப்பாட்டு அறைகளை 9 வட்டார மையங்களாக்க 2004இல் தொடங்கி, 2010 டிசம்பரில் கைவிட்டார்கள். குறைந்தது 46.9 கோடி பவுண்டு வீண் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2011இல் சொன்னது. உள்ளூர்த் தீயணைப்புச் சேவைகளின் ஒப்புதல் இல்லாமல் மேலிருந்து திணித்ததுதான் அதன் வேர். நிலைய அலுவலரைக் குழுவில் உட்காரவைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

யார் போட்டியிடலாம் என்ற தகுதிப் பகுதியில் இரண்டு பக்கமும் பள்ளம் உண்டு. ஆண்டு வரவுசெலவு 500 கோடி என்று போட்டால் பெரிய ஒருங்கிணைப்பு நிறுவனங்கள் மட்டும் வரும். உண்மையில் வேலை செய்யும் மென்பொருள்காரர் அவர்களுக்குக் கீழே துணை ஒப்பந்தத்தில் மறைந்துவிடுவார். தகுதியே வைக்காவிட்டால் லண்டன் கதை. பொதுப்பணிகளுக்காக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் தந்த அளவுகோல் நல்ல தொடக்கம்: ஒத்த வேலை மூன்று, ஒவ்வொன்றும் மதிப்பீட்டில் 40 சதவீதம், அல்லது இரண்டு, 50 சதவீதம், அல்லது ஒன்று, 80 சதவீதம். 'ஒத்த வேலை' என்பதற்கு விளக்கம் எழுதுங்கள்: குறைந்தது ஓராண்டாக ஓடிக்கொண்டிருக்கும் 24 மணி நேர அவசர அனுப்புதல். வெறும் சிசிடிவி மாட்டிய அனுபவம் இதில் சேராது. மென்பொருளை எழுதிய நிறுவனம் ஒப்பந்தத்தில் தானும் கையெழுத்திட வேண்டும்.

அவர்கள் காட்டும் பழைய ஊருக்கு விற்பனை ஆள் இல்லாமல் போய், இரவு பத்து மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் நில்லுங்கள். கீபோர்டு பக்கத்தில் நோட்டுப் புத்தகம் திறந்திருக்கிறதா? அழைப்பை முதலில் அதில் எழுதிக்கொண்டு, பிறகு கணினியில் ஏற்றுகிறார்களா? வண்டியின் நிலையை மாற்றக் காவலர் திரையைத் தொடுகிறாரா, கைபேசியில் கூப்பிட்டுச் சொல்கிறாரா? அந்த நோட்டுப் புத்தகம் எந்தச் சான்றிதழையும்விட உண்மை பேசும். கடைசியாக மென்பொருள் நின்றது எப்போது, எவ்வளவு நேரம், யார் வந்தார்கள் என்றும் அந்தப் பணியாளரிடமே கேளுங்கள்.

வயர்லெஸ்ஸில் ஒரே எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். சிம் கார்டில் ஓடும் வாக்கி டாக்கி மலிவு, பேச்சும் தெளிவு. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் கைபேசி இணைப்பே போய்விட்டது. அதைக் கூடுதல் வசதியாக வையுங்கள், ஒரே வழியாக வைக்காதீர்கள். சொந்த ரேடியோ என்றால் டெட்ரா, டிஎம்ஆர் என்று இரண்டு டிஜிட்டல் முறைகள் உண்டு. டெட்ரா ஒரு 25 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் நான்கு பேச்சுவழி தரும், டிஎம்ஆர் 12.5இல் இரண்டு. அலைக்கற்றைச் சிக்கனம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. டெட்ராவுக்குக் கோபுரங்களும் செலவும் பொதுவாகக் கூடும், நெரிசலான பெரிய நகரத்தில் அது தகும். அலைவரிசை உரிமம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், நிறுவனத்தின் பெயரில் அல்ல. தீயணைப்புக்கான கருவியை மூச்சுக்கருவி முகமூடியும் தடித்த கையுறையும் அணிந்து, இரண்டாம் அடித்தளக் கார் நிறுத்தத்திலிருந்து பேசிப் பாருங்கள். கையுறையோடு அவசரப் பொத்தானை அழுத்த முடியாவிட்டால் அந்த மாதிரி வேண்டாம். எரிவாயு கசியும் இடத்துக்குப் போகும் கருவிக்குத் தீப்பொறி எழுப்பாத பாதுகாப்புச் சான்று தேவை. காவல்துறைக்கு வாங்கும் சாதாரண மாதிரியையே எண்ணிக்கை கூட்டி தீயணைப்புக்கும் தருவது ஆபத்து.

ஜிபிஎஸ்ஸில் சிறிய விஷயம் பெரிதாகக் கடிக்கும். தீயணைப்பு வண்டி நிலையத்தில் நிற்கும்போது பேட்டரி சுவிட்சை அணைத்து வைத்தால் கருவியும் சாகும். கூரைக்கடியில் நிற்கும்போது செயற்கைக்கோள் தெரியாது. திரையில் வண்டி 'காணவில்லை' என்று வரும், மென்பொருள் தூரத்து வண்டியைப் பரிந்துரைக்கும். சுவிட்சுக்கு முன்பாகவே மின்சாரம் எடுக்க வேண்டும். கடைசியாகத் தெரிந்த இடம் நிலையம் என்றால் வண்டி அங்கேயே இருப்பதாகக் கொள்ளவும் வேண்டும்.

கேமராவில் விலையைத் தீர்மானிப்பது சேமிப்பகம். காவல் நிலையக் கேமராப் பதிவை 18 மாதம், முடியாத நிலையிலும் ஓராண்டுக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் சொன்னது. ஒலிப்பதிவும் இரவுப் பார்வையும் உண்டு. விநாடிக்கு 2 மெகாபிட் ஓடும் ஒரு கேமரா நாளுக்கு 21.6 ஜிபி. 18 மாதத்துக்குச் சுமார் 11.8 டிபி. ஒரு நிலையத்தில் 12 கேமரா என்றால் 142 டிபி, வட்டு செத்தால் காப்பதற்கான கூடுதல் இடம் தனி. 'போதுமான சேமிப்பு' என்று எழுதினால் 30 நாள் பெட்டிதான் வரும். அதோடு, பதிவு வேகத்தைக் குறைத்தும் கணக்கைச் சரிக்கட்டுவார்கள். ஆகவே தெளிவு, விநாடிக்கு எத்தனை படம், பிட் வேகம், நாட்கள் நான்கையும் சேர்த்து எழுதுங்கள். கேமராவுக்கு மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பான எஸ்டிகியூசியின் பாதுகாப்புச் சோதனைச் சான்று கேளுங்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற எண்) கேட்கப்படுகிறது. சோதனை, கைப்பற்றலை ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 105ஆம் பிரிவு. பதிவை எடுக்கும்போதே ஹாஷும், யார் எப்போது பார்த்தார் என்ற குறிப்பும் தானாக உருவாகாத மென்பொருள் நீதிமன்றத்தில் உங்கள் விசாரணை அதிகாரியைத்தான் நிற்க வைக்கும்.

விலை உறையில் ஐந்தாண்டுச் செலவு முழுவதும் ஒரே தொகையாக வர வேண்டும்: லைசென்ஸ், வரைபடக் கட்டணம், வண்டிக்கான சிம், எஸ்எம்எஸ், ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்), இடத்தில் இருக்கும் பொறியாளர். இல்லாவிட்டால் தொடக்க விலையைத் தாழ்த்தி ஏஎம்சியில் எடுப்பார்கள். கூடுதல் இருக்கை, கூடுதல் வண்டி, மாற்ற வேலைக்கு ஒரு ஆள்-நாள் விலை இவற்றையும் அதே உறையில் வாங்கி மொத்தத்தில் ஒரு எண்ணிக்கையோடு பெருக்கிச் சேருங்கள். சர்வர்களை முதல் மாதமே இறக்கி 60 சதவீதம் பில் போடும் பழக்கம் உண்டு. மென்பொருள் தயாராகுமுன் உத்தரவாதக் காலம் பாதி ஓடிவிடும். உத்தரவாதம் ஓடத் தொடங்குவது ஏற்புச் சோதனை முடிந்த நாளிலிருந்து என்று எழுதுங்கள். வன்பொருளுக்கு 30 சதவீதத்துக்கு மேல் முன்னால் தராமல், இன்னொரு 30ஐ 90 நாள் தடையின்றி ஓடிய பிறகும், மீதியைக் காலாண்டுத் தவணையாகவும் பிரிக்கலாம்.

மென்பொருள் எத்தனை சதவீத நேரம் ஓட வேண்டும் என்பதை வைத்துத்தான் அபராதம். 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம், 99.99 என்றால் 52 நிமிடம். ஆண்டுக் கணக்கில் அளந்தால் தீபாவளி இரவில் மொத்த எட்டு மணி நேரமும் நின்றாலும் அபராதம் வராது. மாதக் கணக்கில் அளக்கவும், 'திட்டமிட்ட பராமரிப்பு' கழிக்கப்படாமலும் எழுதுங்கள். சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிப்பது, 180 நாள் பதிவுகளை இந்தியாவுக்குள் வைப்பது இரண்டும் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி கட்டாயம்; அந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிப் பிரியுங்கள்.

பிரிந்துபோகும் நாளையும் இப்போதே எழுத வேண்டும். நிகழ்வுத் தரவு, குரல் பதிவு, சரிசெய்த முகவரிப் பட்டியல் எல்லாம் துறையின் சொத்து. ஆண்டுக்கொருமுறை முழுத் தரவையும் திறந்த வடிவத்தில் எடுத்துத் தர வேண்டும். வேறொரு கணினியில் அதைத் திறந்து பார்த்த பிறகே அந்தக் காலாண்டுப் பணம். நிர்வாகக் கடவுச்சொற்கள் மூடிய உறையில் துறையிடம். ஒப்பந்தம் முடிந்தபின் ஆறு மாதம் பழைய விலையிலேயே மாற்றத்துக்கு உதவ வேண்டும்.

காலக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2 கோடிக்கு மேற்பட்ட டெண்டருக்குச் சட்டவிதிப்படி குறைந்தபட்சம் 30 நாள் தர வேண்டும். இப்படிப்பட்ட வேலைக்கு 45 தாருங்கள், இல்லாவிட்டால் முன்பே தெரிந்தவர் மட்டும்தான் ஒழுங்காக எழுதுவார். விலை தருமுன் நடக்கும் கூட்டத்துக்காக நிறுவனங்கள் அனுப்பும் கேள்விகளைக் கவனமாகப் படியுங்கள். நான்கு நிறுவனம் ஒரே வரியை எதிர்த்தால் அந்த வரி ஐந்தாவதற்காக வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புதிய முறைக்கு மாறாதீர்கள். மழையும் தீபாவளியும் சேரும் காலம் அது. பிப்ரவரியில் ஒரு காவல் சரகம், இரண்டு தீயணைப்பு நிலையம் என்று தொடங்கி, 30 நாள் பழைய பதிவேடும் புதிய திரையும் சேர்ந்து ஓடட்டும். ஒவ்வொரு காலையும் முந்தைய நாளின் இரண்டு பதிவையும் வரிக்கு வரி ஒப்பிட ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். தொடர்ந்து ஏழு நாள் ஒரு நிகழ்வுகூட விடுபடவில்லை என்றால் அடுத்த சரகத்துக்குப் போகலாம்.